சிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்

படத்தில் செத்துக் கிடப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள், ஒருமுறை ஸ்டூடியோ விளக்குகளுக்கு அடியில் கண்ணை மூடிப் படுத்துப் பார்க்க வேண்டும். மூச்சையாவது அடிவயிற்றில் இறக்கி, மார்பு ஏறாமல் விடப் பழகிக்கொள்ளலாம். இமை துடிக்கும், அதை என்ன செய்வது? எச்சில் தொண்டையில் இறங்கும். சூட்டில் மேலுதட்டில் வேர்வை கட்டும். பிணத்துக்கு வேர்க்கக் கூடாது. மூக்கு நுனியில் ஈ வந்து உட்காரும். அதை விரட்டக் கையைத் தூக்கினால் கேமராமேன் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இத்தனையையும் அடக்கிக்கொண்டு கிடக்கத் தெரிந்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அந்த அக்காதான். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் படுத்திருந்த படங்களிலும் அவருக்குப் பெயர் கிடையாது.

எழுபதுகளின் நடுவில் நான் பெரம்பலூரில் பஸ் ஏறி மெட்ராஸ் போய், ஒரு பெரிய ஸ்டூடியோவில் லைட்மேனாகச் சேர்ந்திருந்தேன். நான் தினமும் கதாநாயகர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதாக ஊரில் ஒரு பேச்சு. உண்மையில் செட்டுக்கு மேலே குறுக்காகக் கட்டிய பலகையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தலைக்கு மேலே தகரக் கூரையின் சூடு, முகத்துக்கு நேரே விளக்கின் சூடு. இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் உத்தரவு வாங்க வேண்டும். பெரிய பெரிய நடிகர்களை நான் பார்த்ததெல்லாம் உச்சந்தலைதான். யாருக்கு எந்த இடத்தில் விக் ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் இப்போதும் சொல்லிவிடுவேன்.

கீழே இருக்கிறவர்களில் மேலே பார்த்தபடி கிடக்கிற முகம் ஒன்றுதான் உண்டு. அது பிணத்தின் முகம். அப்படித்தான் அக்கா எனக்குப் பழக்கமானார். ஒருநாள் அவருடைய இமைமேல் விளக்கு நேராக விழுவதைப் பார்த்துவிட்டு, மறைப்புத் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தி நிழல் கொடுத்தேன். ஷாட் முடிந்ததும் அவர் கீழிருந்தே கையைக் குவித்துக் கேட்டார்.

"நல்லாருப்ப தம்பி. எந்தூரு நீ?"

"பெரம்பலூருங்க."

"அட, நான் குன்னத்துல வாக்கப்பட்டவ. பொறந்தது மீன்சுருட்டி."

அவ்வளவுதான். மெட்ராசில் ஒருவரை அக்கா என்று கூப்பிட அதற்குமேல் என்ன வேண்டும்?

இனி அவருடைய பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் யாராவது செத்ததாக நடித்தால், அந்த ஷாட் முடிந்ததும் அவரைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு எடுப்பார்கள். அதோடு பிடித்த தோஷம் போய்விடும் என்று நம்பிக்கை. பெரிய நடிகர் செத்தால் சிரிப்பு, திருஷ்டிப் பூசணிக்காய், சூடம் எல்லாம் உண்டு. கூட்டத்தில் நிற்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் செத்தால் யாருக்கும் நினைவிருக்காது. பிலிம் விற்கிற விலையில் எவன் எடுப்பான்? 'எந்திரிம்மா, எடத்தைக் காலி பண்ணு' என்பதோடு சரி.

அக்கா எழுந்திருக்க மாட்டார். பாடையிலோ கட்டிலிலோ அப்படியே கிடந்து, "சிரிக்கச் சொல்லுங்க சார்" என்பார்.

"அடுத்த ஷாட்டுக்கு நேரமாவுதும்மா, எந்திரி."

"நீங்க சொல்லுங்க, ஒடனே எந்திரிக்கிறேன். பிலிம் இல்லாட்டியும் பரவால்ல சார். சும்மா ஓட்டிக் காட்டுங்க, எனக்குப் போதும்."

தலையில் அடித்துக்கொண்டு வெறும் கேமராவை ஓட்டுவார்கள். அக்கா நெற்றியில் ஒட்டிய காசோடும் வாய்க்கட்டோடும் லென்ஸைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பார். சந்தோஷத்துக்கும் அந்தச் சிரிப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சிரித்துவிட்டு, கட்டை அவிழ்த்துக்கொண்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போவார். ஃபுளோர் பையன்கள் அவருக்கு 'சிரிச்ச பொணம்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அக்கா அதைச் சட்டை செய்ததில்லை.

காரணத்தை ஒருநாள் கேன்டீன் அடிபம்புப் பக்கம் வைத்துச் சொன்னார். அவர் புருஷன் சுண்ணாம்புக்கல் லாரியில் போய், லாரி கவிழ்ந்து செத்தவர். இரண்டு குழந்தைகளையும் குன்னத்தில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று மெட்ராஸ் வந்தவர் அக்கா. முதன்முதலில் அவரைப் பிணமாகப் படுக்க வைத்தபோது சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. மஞ்சளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதே வாரம் ஊரிலிருந்து சேதி வந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல். பஸ் மாறி பஸ் மாறி அவர் குன்னம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, குளித்த ஈரத்தோடு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்களாம்.

எனக்கு அப்போதே இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "காய்ச்சல் வந்து போனதுக்கும் நீங்க சிரிக்காததுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றேன்.

"சம்பந்தம் இல்லன்னு ஒனக்குந் தெரியும், எனக்குந் தெரியும். ஆனா இன்னொண்ணு இருக்கே தம்பி. அது பொழைச்சுக் கெடக்கணுமே. எனக்குத் தெரிஞ்சதை நம்பி எம்பொண்ணை வச்சுப் பந்தயம் கட்டச் சொல்றியா?"



அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. அதைக் கொண்டுவந்து தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. கடையில் ரிப்பன் பார்த்தால் நிற்பார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனால் நிற்பார். நாலைந்து பெண்களோடு ஒரு குடிசையில் முடங்கியிருந்தவர், அந்த வருஷம் எப்படியோ கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறையைப் பிடித்துவிட்டார். ஆனால் வேலைதான் குறைந்துகொண்டே வந்தது. "கொடம் தூக்கிட்டுப் போறதுக்கும் கோயில்ல நிக்கிறதுக்கும் வயசுப்புள்ளைவ வந்துருச்சு தம்பி. எனக்குச் சாவு மட்டுந்தான் மிச்சம்" என்பார்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை டேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பக்கத்து விளக்கின் கண்ணாடி வெடித்து, ஒரு சில்லு நெருப்பாகக் கீழே அவர் கையில் போய் விழுந்தது. அக்கா அசையவில்லை. கட் சொன்னார்கள், அவர் கேட்டார், வெறும் கேமராவை ஓட்டினார்கள், சிரித்தார். அப்புறம்தான் கையைத் தூக்கிப் பார்த்தார். தோல் வெந்து வழன்றிருந்தது.

"ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதாக்கா?"

"போட்டா 'கட்'டும்பாங்க. மறுபடி மொதல்லேருந்து படுக்கணும். பட்டதே போதும், எதையும் ஒரு வாட்டியோட முடிச்சுக்கணும்."

அவர் அசையாததற்கு அதுதான் காரணம். வைராக்கியம், கலை, அது இது என்று பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். இரண்டாம் தடவை என்பதைக் கண்டால் அவருக்கு அத்தனை பயம்.

இப்படி இருக்கையில் ஒரு படத்துக்கு அரியலூர்ப் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்தார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெரிய பள்ளம் ஒன்று டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. அந்த வெள்ளைப் பள்ளத்தின் ஓரமாகக் கதாநாயகனுடைய அண்ணியின் பாடை போக வேண்டும். கூட்டத்துக்கு உள்ளூர் ஆட்களைச் சேர்த்துவிடலாம். பிணத்துக்கு? எந்த ஊரில் எந்தப் பொம்பளை பாடையில் ஏறிப் படுப்பாள்? அதனால் பிணத்தை மட்டும் மெட்ராசிலிருந்து வேனில் கொண்டுபோனார்கள். ஊருக்குப் போக அக்காவுக்கு வாய்த்த வழி அது.

அவர் முகத்தில் அவ்வளவு களையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. படப்பிடிப்புக்கு முன் ஒரு வேலையாக நான் ஊருக்குப் போனபோது, குன்னம் போய் நாத்தனாரிடம் சேதி சொல்லிவிட்டு வரச் சொன்னார். அந்தம்மா வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, தன் பிள்ளைகளோடு சேர்த்து இதையும் வளர்த்தவர்.

"கூத்தாடப் போனவகிட்ட புள்ளையக் குடுத்துட்டு நான் எப்படிங்க தூங்குறது? சரி, ரூமு இருக்குதுங்கிறா, பெத்தவ கேக்குறா. கொண்டாந்து வுடுறேன்" என்றார்.

"பொழுது சாயுற நேரத்துக்கு வாங்க. அப்பத்தான் அக்காவுக்கு வேலை முடியும்" என்று அக்கா சொல்லச் சொன்னபடியே சொன்னேன். பாடை ஷாட் காலையிலேயே முடிந்துவிடும், குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு மகளைப் பார்க்கலாம் என்பது அவர் போட்ட திட்டம். தான் என்னவாக நடிக்கிறோம் என்பதை அவர் ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஷூட்டிங் நடக்கிற இடத்துக்குப் பொழுது சாய வா என்றால் யார் கேட்பார்கள்? அன்று காலையிலிருந்தே பள்ளத்தைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். கதாநாயகன் திருச்சி ஓட்டலில் எழுந்து கிளம்பி வந்து சேர மதியமாகிவிட்டது. காலையில் எடுக்க வேண்டிய பாடை ஷாட் மதியத்துக்குப் போயிற்று. கூட்டத்தில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று பாடையில் கிடந்த அக்காவுக்குத் தெரியாது. நெற்றியில் காசு, தாடையில் கட்டு, கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தன. நான் ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகை அது. வெயிலை வாங்கி முகத்தில் அடிக்க வேண்டும்.

கேமரா ஓடத் தொடங்கியதும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா!"

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் குழந்தை நாத்தனார் பிடியை உதறிக்கொண்டு ஓடி வந்து பாடைமேல் விழுந்துவிட்டது. "எந்திரிம்மா, எந்திரிம்மா" என்று கன்னத்தைப் பிடித்து உலுக்கியது. மூடிய இமையை விரலால் திறக்கப் பார்த்தது. ஒரு உதவி டைரக்டர் குழந்தையைத் தூக்கப் போனார். டைரக்டர் கத்தினார்.

"தொடாத! விடு, ஓடட்டும், ஓடட்டும்!"

வெளிப்புறத்தில் அந்தக் காலத்தில் ஒலியெடுப்பது கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். கதையில் அந்த அண்ணிக்குக் குழந்தை இல்லை. அன்றைக்குக் கிடைத்துவிட்டது. கதாநாயகனும் சும்மா சொல்லக் கூடாது, சமயம் பார்த்துக் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு அழுதார். அது அவரை உதைத்துத் தள்ளிவிட்டு மறுபடியும் அம்மாமேல் போய் விழுந்தது.

அக்கா அசையவில்லை.

பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது. மூடிய இமையின் ஓரத்தில் தண்ணீர் கட்டி, காதை நோக்கி இறங்கத் தொடங்கியது. என் பலகை வெளிச்சத்தில் அது பளபளவென்று மின்னியது. பிணம் அழுவதைப் பார்த்தால் ஷாட் போயிற்று. நான் பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவர் முகத்தை நிழலில் விட்டேன். கேமராமேன் கண்ணை எடுக்காமலே, "டேய், லைட் எங்கடா?" என்றார்.

"மேகம் போவுது சார்" என்றேன். அரியலூர் வானத்தில் அன்றைக்கு மேகம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கட் சொன்னதும் கூட்டம் கைதட்டியது. டைரக்டர் துள்ளிக் குதிக்காத குறை. "அந்தம்மா எப்பவும் கேக்குமே, சிரிப்பு ஷாட். எடுங்க, பிலிமோட எடுங்க" என்றார். அத்தனை வருஷத்தில் அவருக்குப் பிலிமோடு கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான்.

அக்கா கண்ணைத் திறந்து முதலில் மகளைத்தான் தேடினார். செத்த அம்மா கண்ணைத் திறந்ததும் குழந்தை வீறிட்டுக்கொண்டு ஓடிப்போய் அத்தையின் சேலைக்குள் புகுந்துகொண்டது. அக்கா கட்டிய காலோடு எழப் பார்த்தார். உதவி டைரக்டர் தோளில் கையை வைத்து உட்கார்த்தினார். "சிரிச்சிட்டு எந்திரிங்கக்கா, நீங்கதானே எப்பவும் கேப்பீங்க?"

அக்கா மகளைப் பார்த்தார். அப்புறம் கேமராவைப் பார்த்தார். சிரிக்காமல் எழுந்து ஓடினால் மகளைத் தூக்கிச் சமாதானம் சொல்லலாம். ஆனால் சிரிக்காமல் எழுந்த முதல் தடவை பறிகொடுத்தது அவருக்கு மறக்குமா? அவர் சிரித்தார். எப்போதும் சிரிப்பதைவிடக் கூடுதலாக, பல்லெல்லாம் தெரிய, கேமரா நிற்கும்வரை சிரித்தார். எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கால் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியவரை நாத்தனார் கிட்டே விடவில்லை.

"பெத்த புள்ள அந்தக் கத்துக் கத்துது, நீ கல்லாட்டம் கெடக்குற. எந்திரிச்சு இளிக்கிற. நீயெல்லாம் பொம்பளையாடி? உன்னய நம்பியா இத வுட்டுட்டுப் போவச் சொல்ற?"

"அண்ணி, ஒரு நிமிசம் கேளுங்கண்ணி... தாயி, இங்க பாரும்மா, அம்மாதான்டா."

குழந்தை சேலைக்குள்ளிருந்து முகத்தைக் காட்டாமலே சொன்னது. "நீ எங்கம்மா இல்ல. எங்கம்மா செத்துப் போச்சு."

அக்கா மஞ்சள் முகத்தோடு ரோடு வரைக்கும் பின்னாலேயே போனார். பஸ் வந்தது, அவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். மகளுக்கு என்று வாங்கி வைத்திருந்த கவுன் வேனில் அவர் பைக்குள்ளேயே இருந்தது, அதை எடுத்துக் கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவராகத்தான் பேசினார். "நான் அசைஞ்சிருந்தா என்ன பண்ணிருப்பாங்க, சொல்லு. 'கட்'டும்பாங்க. அழுவுறது நல்லாருக்கு, மறுபடி எடுப்போம்பாங்க. மறுபடி எம்புள்ளைய ஓடியாரச் சொல்லி மறுபடி அழுவ வைப்பாங்க. ஒரு வாட்டியோட போவட்டும்னுதான் தம்பி கெடந்தேன். இத நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எடுத்ததைப் போட்டுப் பார்த்த டைரக்டருக்கு ஒரு குறை தெரிந்தது. குழந்தை கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதிருந்தது. முகம் கிட்டத்தில் வேண்டும். ஸ்டூடியோவுக்குள்ளேயே மண் கொட்டிப் பள்ளம் போட்டு, அதே பாடையைக் கட்டச் சொல்லிவிட்டார். ஆள் பிடிக்கும் ஏஜென்ட் குன்னத்துக்கே போய் வந்துவிட்டார். கேன்டீன் பக்கத்தில் அவர் அக்காவிடம் பேசும்போது நான் கூட இருந்தேன்.

"ஒன் நாத்தனா சம்மதிச்சுருச்சும்மா. ஹீரோ கூட நடிக்கப் போவுதுன்னதும் மறுபேச்சுப் பேசல. நாலு நாள்ல புள்ளையக் கூட்டியாந்துடலாம். அப்புறம் ஒன்கூடவே வச்சுக்க, நான் பாத்துக்கறேன். நீ ஒரு வாட்டி படுத்தா போதும்."

அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். அவர் ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அறை இருக்கிறது, கவுன் இருக்கிறது, பிள்ளையும் வரப்போகிறது. நான் மனசுக்குள் சரின்னு சொல்லுக்கா, சரின்னு சொல்லுக்கா என்று அடித்துக்கொண்டேன்.

"வேணாங்க" என்றார்.

"என்னம்மா பேசுற?"

"எம்புள்ள என்னைய நெசமாவே சாவக் குடுத்து அழுது முடிச்சிருச்சுங்க. மறுபடியும் பாடையில படுத்துக்கிட்டு, வா, வந்து அழுவுன்னு நான் அதக் கூப்புட மாட்டேன். நான் படுக்கலன்னா அதைக் கூட்டியாந்து என்ன செய்வீங்க? வுட்டுருங்க."

"அப்ப ஒனக்கு இந்த ஸ்டூடியோவுல இனிமே வேலை இல்ல, தெரிஞ்சுக்க."

"சரிங்க."

ஏஜென்ட் போனதும் அவர் அடிபம்புக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அக்கா சத்தம் போட்டு அழுது நான் பார்த்தது அப்போது மட்டும்தான். ஆள் போகிற வருகிற இடம், ஒருவரும் நிற்கவில்லை. மேக்கப்போடு அழுகிறவர்களை ஸ்டூடியோவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேக்கப் இல்லாமல் அழுதாலும் அப்படித்தான் போலிருக்கிறது.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நான் அந்த அறைக்குப் போய்ப் பார்த்தேன், வேறு ஆட்கள் இருந்தார்கள். ஊருக்குப் போனாரா, மகள் அவரிடம் வந்ததா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது குன்னத்துக்கும் போனேன். நாத்தனார் வீடு பூட்டியிருந்தது, அறுப்புக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். படம் பெரம்பலூர் தியேட்டருக்கு வந்தபோது பார்த்தேன். கிட்டத்தில் காட்டிய முகம் வேறு ஏதோ குழந்தையுடையது. குரல் டப்பிங்கில் யாரோ பெரியவர் அழுதது. என் பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் மட்டும் பாடையின் முகம் சட்டென்று நிழலுக்குப் போய் வந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டூடியோவில் ஒரு சாவு சீன் வந்தது. பிணமாகப் படுக்கப் புதிதாக ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். சின்ன வயசு, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கட் சொன்னதும் எழுந்து, நெற்றிக் காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, தலைமுடியைத் தட்டிக்கொண்டு கிளம்பினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. பலகையிலிருந்து குனிந்து, ஃபுளோர் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"யம்மா! சிரிச்சிட்டுப் போம்மா!"

கேமராமேனும் டைரக்டரும் கதாநாயகனும் அண்ணாந்து பார்த்தார்கள். அன்றைக்குத்தான் பலகையிலிருந்து அவர்கள் முகங்களை முதன்முதலாக நான் நேருக்கு நேர் பார்த்தேன். அந்தப் பெண் பயந்துபோய், எதற்கென்று தெரியாமலே, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.